மொய் விருந்தைப் பழிப்பவர்களுக்கு

ஆடி பிறந்தால் போதும், கீரமங்கலம், வடகாடு பக்கம் கேமராக்கள் வந்து இறங்கிவிடும். பணம் எண்ணும் இயந்திரம், அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு, ஒருவருக்கே கோடிக்கணக்கில் விழுந்த மொய் என்று வாய்பிளக்கக் காட்டுவார்கள். பிறகு பட்டணத்திலிருந்து ஒருவர் தோன்றித் தீர்ப்புச் சொல்வார்: இது கடன் வலை, வீண் ஆடம்பரம், மானத்துக்குப் பயந்து மாட்டிக்கொண்டவர்களின் கூத்து. வங்கி இருக்கும் காலத்தில் ஊர் கூடிப் பணம் போட்டுக்கொள்வது பின்தங்கிய புத்தி. பத்துப் பேர் பணம் கலந்தால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு நம் படித்த வீடுகளில் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எனக்கு இதில் ஒன்றைத் தவிர மற்ற எதுவும் சரியாகப் படவில்லை.

முதலில் நடைமுறை. தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியிலும், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு சுற்று ஊர்களிலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கிறது. கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை, விருந்தே விசேஷம். ஒரு குடும்பம் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வைக்கலாம். சாப்பிட்டு முடித்தவர், எழுதுகிறவர் முன் போய் ஊரையும் பேரையும் சொல்லிப் பணம் கட்டுவார், நோட்டில் ஏறும். நாளை அவர் விருந்து வைக்கும்போது இன்று மொய் வாங்கிய இவர் அந்தத் தொகையைத் திருப்பிச் செய்வதோடு, மேலே கொஞ்சம் சேர்த்து வைப்பார். அந்தக் கூடுதலுக்குப் புது நடை என்று பெயர். இனி அந்தப் புது நடை அவர் இவருக்குத் தர வேண்டியது. உறவை முடித்துக்கொள்ள நினைப்பவர் வாங்கியதை மட்டும் செய்துவிட்டு நகரலாம்.

கடன் வலை என்கிறார்களே, கணக்குப் போட்டே பார்ப்போம். ஆழ்குழாய்க் கிணறு போட ஒருவருக்கு 5 லட்சம் வேண்டும். ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 ரூபாய்; ஐந்து வருஷத்தில் 6 லட்சம் வட்டியாகவே போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். அதே ஆள் விருந்து வைத்து, 500 பேர் ஆளுக்கு 1,000 செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 லட்சத்தையும் ஒரே நாளில் கேட்டு யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். ஒவ்வொருவர் விருந்து வைக்கும்போதும் ஆயிரம் ஆயிரமாகத் திரும்பும். ஒவ்வொன்றிலும் 500 புது நடை வைத்தால், அவர் கையிலிருந்து கூடுதலாகப் போகும் 2.5 லட்சம் செலவல்ல. அடுத்த முறை அவருக்கு வர வேண்டிய சேமிப்பு. ஐந்து வருஷத்தில் ஆயிரம் ரூபாயின் மதிப்புக் குறைந்துவிடுமே என்பவருக்கும் புது நடையிலேயே பதில் இருக்கிறது. விருந்துச் செலவு உண்டுதான். ஆனால் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். இதை வலை என்று சொன்னால் ரெண்டு வட்டிக்கு என்ன பேர் வைப்பது?

அடுத்தது, எல்லோருக்கும் பொதுவானதற்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள் என்ற வாதம். இதற்கு ஓர் அறிவியல் பூச்சும் உண்டு. 1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு பொது மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்தார். ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விட, புல்வெளி அழியும். அந்தக் கற்பனையில் ஒரு விசித்திரம்: மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை! நம் ஊரில் அப்படி நாலு மேய்ப்பர்களை நான் பார்த்ததில்லை. அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் செய்ததும் ஏறக்குறைய இப்படி நிஜத்தைப் பார்த்ததுதான். சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல், ஸ்பெயின் வாய்க்கால், ஜப்பான் காடு என்று உண்மையான பொதுச் சொத்துகளை எடுத்துப் பார்த்தார். யார் உள்ளே, யார் வெளியே என்ற வரம்பும், பயன்படுத்துகிறவர்களே வைக்கும் காவலும், தவறுக்கேற்ற தண்டனையும் இருந்த இடங்களில் அவை நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்திருந்தன. 1990-இல் புத்தகமாக எழுதினார். 2009-இல் பொருளாதார நோபல் வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்.

மொய் நோட்டை அவர் பார்த்திருந்தால் இன்னும் ஒரு படி மேலே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மொய்ப் பணம் உண்மையில் பொதுப் பணமே அல்ல. ஒவ்வொரு ரூபாய்க்கும் கொடுத்தவர் பேர் இருக்கிறது, வாங்கியவர் பேர் இருக்கிறது. அப்பா போனால் நோட்டு பிள்ளைக்கு வரும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் மொய்யும் பிரியும். இதைவிட முக்கியம், இங்கே கடன்காரர் என்று ஒரு சாதியும் கடன் கொடுத்தவர் என்று ஒரு சாதியும் கிடையாது. நான் உங்களுக்கு 1,000 தர வேண்டியவன்; அதே நேரம் எனக்கு வர வேண்டிய பணம் நூறு வீட்டு நோட்டில் கிடக்கிறது. உங்களுக்குச் செய்யாமல் நான் ஏமாற்றினால் அந்தச் செய்தி நூறு வீட்டுக்கும் போகும், என் பணத்தைத் திருப்பிச் செய்ய அவர்களுக்கும் மனசு வராது. நாணயமாக இருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? நல்லவராக இருக்க வேண்டும் என்று யாரும் போதிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அதுவும் பயம்தானே, மானம் போய்விடும் என்ற பயம்தானே என்பார்கள். இந்த வாதத்தை எடுத்தவுடன் தள்ள முடியாது. பக்கத்து வீட்டுக் கண் ஒரு மனிதரை எவ்வளவு நெருக்கும் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் யார் கண், யாருக்காகப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல வருஷம் வளர்த்த தோப்பு ஒரே இரவில் விறகானது. அப்போது புயல் பகுதிகளில் இரண்டு விதக் கடன்கள் இருந்தன. ஒன்று நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடன். ஒரு பெண் தவணை கட்டாவிட்டால் குழுவின் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அவர்களையே அவள் வாசலில் உட்கார வைப்பார்கள். கூரை இல்லாத வீட்டிலும் தவணை கேட்டு வந்தார்கள் என்று பெண்கள் அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார்கள். இன்னொன்று மொய். அடுத்த ஆடி வந்தது, 2019. விருந்துகள் குறைந்தன, மொய்யும் குறைந்தது. வைக்க வேண்டியவர்கள் பலர் தள்ளிப்போட்டார்கள். கேட்கிறவர் தோப்பும்தான் விழுந்து கிடந்தது; எதை வைத்து எப்படிக் கேட்பார்? 2020-இல் கொரோனா வந்தபோதும் விருந்துகள் நின்றன, நோட்டு காத்திருந்தது.

இரண்டிலும் அக்கம்பக்கத்து நெருக்கம்தான் ஈடு. ஒன்றில் அந்த நெருக்கத்தைத் தூரத்து நிறுவனம் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது. அதற்குப் புயல் தெரியாது, திங்கட்கிழமைத் தவணை தெரியும். மற்றதில் நெருக்குகிறவரும் நெருக்கப்படுகிறவரும் அடுத்தடுத்த வருஷம் இடம் மாறுகிறார்கள். நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டி வந்தது. மொய்க்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டு யாரும் கோட்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பந்தல், பத்திரிகை, கறி எல்லாம் பலர் கூட்டாகச் சேர்ந்து போடுகிறார்கள். ஒரே பத்திரிகையில் பத்திருபது பேரின் பெயர் இருக்கும், மொய் எழுத மட்டும் தனித்தனி மேசை. நகரத்து மண்டபத்தில் ஒரே ஒரு மாலை வரவேற்புக்குக் கொட்டுவதைப் பார்த்தவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. வரி என்ன ஆகிறது என்றும் கேட்கலாம்; அதில் சட்டத்துக்கே குழப்பம் இருக்கும். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் வரி உண்டு, கல்யாண அன்பளிப்புக்கு இல்லை. திருப்பித் தர வேண்டியதை அன்பளிப்பு என்பதா? அதை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும். கணக்கு மறைக்கப்படவில்லை, ஊரறிய எழுதப்படுகிறது.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஊர் கூடினால் நல்லது நடக்கும் என்கிறாயே, ஊர் என்றால் யார்? இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 2022 டிசம்பர் கடைசியில், வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. விசாரிக்கப் போன இடத்தில், பக்கத்து இறையூரில் இரட்டைக்குவளை இருப்பதும் கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தன. மாவட்ட ஆட்சியரே அம்மக்களை உள்ளே அழைத்துப் போக வேண்டியிருந்தது. அந்த ஊரிலும் ஒற்றுமை இருந்தது. யாரை வெளியே நிறுத்துவது என்பதில் ஒற்றுமை. கூடி வாழ்தலே மனிதரைப் பொறுப்பாக்கிவிடும் என்று எவராவது பொதுவாகப் பாடினால் நானும் மறுப்பவர்கள் பக்கம்தான்.

ஆனால் இதிலிருந்து 'கூட்டே வேண்டாம், தனித்தனியாய் இருங்கள்' என்ற முடிவுக்குத் தாவுவது எப்படி நியாயம்? 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். அதே காலத்தில், ஒப்பந்தக்காரர்களிடம் ஏறக்குறைய கொத்தடிமைகளாகக் கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. கணக்கு எழுதியதும் கூலி பிரித்ததும் அவர்களே. அதுவும் கூட்டுதான். பிறப்பால் அமையாமல், வேலையால் அமைந்த கூட்டு. பிறப்புக் கூட்டு ஆளை வரிசையில் நிறுத்தும். கொடுத்து வாங்கும் கூட்டில் வரிசை நிலைக்காது. மொய் விருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நோட்டில் ஏறும் பேர் பெரும்பாலும் ஆண் பேர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றைத் தவிர என்று சொன்னேனே, அது இதுதான். ஆடியில் நகையை அடகு வைத்து மொய் செய்கிற வீடுகள் உண்டு. ஒரே நாளில் மூன்று நான்கு பத்திரிகை, எல்லாவற்றிலும் பழைய பாக்கி, மேலே புது நடை. போன முறை 500 வைத்தவர் இந்த முறை 2,000 வைத்தால், அதைத் திருப்பும்போது அதற்கு மேல் வைக்காவிட்டால் குறைவாகப் படும் என்று நினைக்கிற குடும்பம் அடகுக் கடைக்குப் போகிறது. வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது அபத்தம். மொய் விருந்தைப் பழிப்பவர்கள் இந்த ஒரு இடத்தைப் பிடித்துப் பேசியிருந்தால் நானும் கூடப் பேசியிருப்பேன்.

மருந்து அங்கேயே இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் என்ற வரம்பை எந்த அரசாணையும் போடவில்லை. பந்தலைப் பங்குபோடச் சொல்லி எந்த வங்கியும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அவற்றை வகுத்தவர்களால் புது நடைக்கும் ஒரு உச்சவரம்பு போட முடியும். வாங்கியதில் கால்பங்குக்கு மேல் வைக்க வேண்டாம் என்று கூட்டாக விருந்து வைக்கிற இருபது பேர் பத்திரிகையிலேயே ஒரு வரி அச்சடித்துவிட்டால், அடுத்த ஆடியில் மற்றப் பந்தல்களும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.