கற்படுக்கைக்குப் போகும் வழியில் ஒரு சேரி இருக்கிறது

மலை ஏறுவதெல்லாம் பொழுதுபோக்கு, நமக்கு அதற்கு நேரமில்லை என்று ஒரு பேச்சு நம் தோழர்களிடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு ஆர்ப்பாட்டம் இருக்கும், இல்லை உண்மை அறியும் குழுவோடு ஏதாவது ஊருக்குப் போக வேண்டியிருக்கும். இதற்கு நடுவில் ஒரு மாணவர் வந்து, சமணர் படுக்கை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், 'என்ன தோழர், நடுத்தர வர்க்கம் ஆயிட்டீங்களா' என்று கிண்டல் வருகிறது. எனக்கு இந்தக் கிண்டலில் உடன்பாடில்லை. மதுரையைச் சுற்றியிருக்கும் குன்றுகளுக்கு நம் பிள்ளைகள் அவசியம் நடந்து போக வேண்டும். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை, ஆனைமலை, திருவாதவூர், கொங்கர்புளியங்குளம், கீழக்குயில்குடி. இவை எல்லாமே மதுரையிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். இவற்றில் பல இடங்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் இருக்கின்றன. இயற்கையான குகைத்தளத்தின் தரையைச் சமன்படுத்தி, தலை வைக்கும் பக்கம் மட்டும் சற்று உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அந்தக் காடிக்குக் கீழேதான் பெரும்பாலும் எழுத்து இருக்கும். மாங்குளத்தில் கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைப் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதியின் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். துறவிகள் தங்கிய இடத்துக்குப் பெயர் பள்ளி. நம் பிள்ளைகள் இன்றைக்குப் புத்தகப் பையோடு போகிற இடத்துக்கும் அதே சொல்தான்.

அழகர்மலைக் குகைக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே கொடை கொடுத்தவர்கள் யார் யார்? உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன். ஏர்க்கொழு விற்றவனும் துணி விற்றவனும் காசு போட்டு ஒரு துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஊரும் தொழிலும்தான் அவர்களுக்கு அடையாளம். அதன்பிறகு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு தாண்டி, தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டைப் படித்தால் அங்கே பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. இடையில் நடந்தது என்ன? தமிழ்ச் சமூக வரலாற்றில் இதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரியவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் தன் வாழ்நாள் முழுக்கச் சுற்றி வந்தது இந்தக் கேள்வியைத்தான். அவர் சொன்ன விடைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வியை அவர் கேட்ட பிறகும் நாம் நூலகத்திலேயே உட்கார்ந்திருப்பது சரியில்லை. கல் வெளியே இருக்கிறது.

இதை வைத்துச் சமணத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வணிகர் பணத்திலும் அரசன் தயவிலும் வாழ்ந்த துறவு அது. கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது, உளி பிடித்தவன் பெயர் பெரும்பாலும் இல்லை. கீழே விறகும் தண்ணீரும் சுமந்தவர்களைப் பற்றி எந்தக் காடியும் பேசவில்லை. 'அந்தக் காலத்தில் சாதியே இல்லை' என்று ஒரு பொற்காலம் கட்டி அதில் போய்ப் படுத்துக்கொள்வது சோம்பேறித்தனம். மரபு நடையில் வரும் சிலர் மலை உச்சியில் நின்று இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவரவர் சாதிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறார்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வருவோம். செட்டிப்புடவில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரையும், குகைக்குள்ளே சிங்கத்தின் மேலிருந்து யானையோடு போரிடும் இயக்கியையும் எல்லாரும் படமெடுப்பார்கள். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. அதில் ஒன்று அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார் செய்வித்தது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு அம்மாவின் பெயர் அங்கே நிற்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து இன்னும் மேலே ஏறி நில்லுங்கள். காற்று நன்றாக வீசும். செல்ஃபி எடுத்து முடித்தபின் ஒரு பத்து நிமிடம் கீழே பாருங்கள்.

எந்தக் குன்றின் உச்சியிலிருந்தும் ஒரு ஊரின் வரைபடம் தெரியும். சேரித்தெருவில் பிறந்து வளர்ந்தவருக்குக்கூடத் தரையில் நின்று பார்க்கும்போது அது முழுசாகத் தெரியாது. கண்மாய் எங்கே இருக்கிறது, மடை எங்கே, முதல் தண்ணீர் யார் வயலுக்குப் பாய்கிறது என்று பாருங்கள். கோயிலை ஒட்டிய தெருக்களின் அகலத்தைப் பாருங்கள். அதற்கப்பால் ஒரு இடைவெளி இருக்கும். புளியமரமோ ஓடையோ வெறும் பொட்டலோ இருக்கும். அந்த இடைவெளி முடிகிற இடத்தில் ஒரே மாதிரியான சிறிய கூரைகள் நெருங்கி நிற்கும். அது எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு சுடுகாடுகளும் தெரியும். ஒன்றுக்குத் தார்ச்சாலை போகும், இன்னொன்றுக்கு வயல் வரப்பு போகும். மழைக்காலத்தில் அந்த வரப்பில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் அந்த இடைவெளியின் நீளம் தெரியும். காட்சிமுனை என்று பலகை வைத்து ரசிக்கச் சொல்கிறார்களே, எனக்கு இதைவிடப் பெரிய காட்சி எந்த மலையிலும் கிடைத்ததில்லை. வருவாய்த்துறை வரைபடத்தில் பஞ்சமி நிலத்தைத் தேடுகிற தோழர்கள், முதலில் பக்கத்துக் குன்றில் ஏறி நின்று ஊரை ஒருமுறை வரைந்து பாருங்கள். வேலை பாதி குறையும்.

ஏறுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரத்திலிருந்து காரில் வந்து இறங்குகிறவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர், கல்லூரி மாணவர்கள், ஒரு குன்றின் அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தோம். டீக்கடைத் திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டார், "எந்த ஊருப்பா?" சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னோம். "அங்க நீங்க யாரு வகையறா?" இந்த மூன்று கேள்விகளையும் தாண்டித்தான் நம் பிள்ளைகள் ஒரு கல்வெட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு எங்களில் ஒரு தம்பி, "மனுச வகையறா தாத்தா" என்றான். பெரியவர் சிரிக்கவில்லை. வழி மட்டும் சொன்னார், சுற்று வழி.

அம்பேத்கருக்கே நடந்ததுதானே இது. 1934இல் தோழர்களோடு வேரூள் குகைகளைப் பார்க்கும் பயணத்தில், வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார். புழுதி படிந்த முகத்தையும் கைகால்களையும் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கத்தியவர்கள் இந்துக்கள் அல்ல, அந்த ஊர் முஸ்லிம்கள். பிறகு உள்ளே போக அனுமதி கிடைத்தது, எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு காவலனோடு. கொலம்பியாவில் படித்தவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவர், ஒரு பழைய கோட்டையை வேடிக்கை பார்க்கப் போனபோது இது நடந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். சுற்றிப் பார்ப்பது அற்பமான காரியமாக இருந்தால் அவர் எதற்கு அதை எழுத வேண்டும்?

கழுகுமலையையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். வெட்டுவான் கோயிலும் வரிசை வரிசையான சமணச் சிற்பங்களும் பெண் ஆசிரியர்களான குரத்தியர் பெயர்களும் உள்ள மலை. அதே மலையடியில் 1895இல் தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமையைக் கேட்ட நாடார்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. மேலே ஏற வழி இருந்தது, கீழே தெருவில் நடக்க வழி இல்லை.

குன்றுகளே இல்லாமல் போகிற ஆபத்தும் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை வாள் போட்டு அறுத்தார்கள். 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அனுப்பிய அறிக்கை, அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் வந்து, மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. அந்தச் சூழலில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும் பசுமை நடையைத் தொடங்கினார்கள். மதுரைக்காரர்களை மலைப்பக்கம் திருப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் விடப்பட்டது. 2025 சனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. கிராமங்கள் ஒன்றாக நின்று பெற்ற வெற்றி, சந்தேகமில்லை. மலைக்காக ஒரே சாலையில் நடந்தவர்கள், ஊர்த் தெருவிலும் பொதுச் சுடுகாட்டுப் பாதையிலும் ஒன்றாக நடப்பார்களா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். அதைக் கேட்டால் ஒற்றுமையைக் கெடுக்கிறோம் என்பார்கள். கேட்காமல் விட்டால் மட்டும் ஒற்றுமை வந்துவிட்டதா?

கடைசியாகக் கீழவளவு. அங்கே பஞ்சபாண்டவர் மலை என்று ஊர் சொல்லும் குன்றில், தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்று தமிழி எழுத்து இருக்கிறது. எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும், அதைப் பார்ப்பதற்கென்றே ஆய்வாளர்கள் வருவார்கள். பார்த்துவிட்டு மேலூர் பரோட்டா சாப்பிட்டு வீடு திரும்புவார்கள். அங்கிருந்து அதிக தூரமில்லை மேலவளவு. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வாக்குப்பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. அதையும் மீறித் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊர் திரும்பிய பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, உச்ச நீதிமன்றம்வரை அது நின்றது. மூன்று பேர் 2008இல் வெளியே வந்தார்கள், மீதமிருந்த 13 பேர் 2019இல். தலைவர்களின் நூற்றாண்டுக் கொண்டாட்டம் என்று காரணம் சொன்னார்கள். கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்துக்கு விடுதலைக் களம் என்று பெயர். இரண்டாயிரம் ஆண்டுக் கல்லைத் தேடி வருகிறவர்களின் மரபு நடைப் பட்டியலில் இந்தக் கல் ஏன் இல்லை? இரண்டும் மேலூர் வட்டாரத்து வரலாறுதான். இரண்டாவதைப் பார்க்கத் தொல்லெழுத்துப் படித்திருக்க வேண்டியதுகூட இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த நடையை மாணவர்கள் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து காலை ஐந்தரை மணிக்கெல்லாம் மேலூர் பஸ் பிடித்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். கற்படுக்கையில் ஏறி உட்காராதீர்கள், எழுத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டி தடவிப் படமெடுக்காதீர்கள். ஏற்கெனவே எவனெவனோ பெயிண்டில் தன் பெயரையும் சாதிப் பட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறான், அதைப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குப் புகாராக அனுப்புங்கள். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் காலனியில் கேளுங்கள். ஆடு மேய்த்த பெரியவர்களுக்கும் விறகு வெட்டப் போன அம்மாக்களுக்கும் எந்தப் பொடவில் சுனை இருக்கிறது என்று தெரியும். அவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். கீழவளவில் இறங்கியதும் வெயிலுக்கு முன்னால் குன்றை முடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மேலவளவுக் காலனியில் சொல்லி வையுங்கள்.