தடி டயரும் வீராம்பட்டினத்து மணலும்

"முன்னாடி தடி டயர் போடு தம்பி, வண்டி தரையைக் கவ்விப் பிடிக்கும்." கடலூர் சாலையில் பத்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கடையில் போர்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். சொல்பவர்கள் சக்கரம் விற்கிறவர்கள். நம்பி விழுபவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிற புதுச்சேரியில், டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மண் பாதை வண்டிகளுக்கு முன்னால் வருகிற 21 அங்குலச் சக்கரம் சைக்கிள் போல ஒல்லியாக இருக்கிறதாம். இருக்கட்டும். மண் பாதைக்கு அழகால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

அலாய் சக்கரம் மாட்டினால் டியூப் வேண்டாம், பஞ்சர் தொல்லை இல்லை என்கிறார்கள். அதற்காக 21-ஐ 19 ஆக்கிச் சக்கரத்தின் அளவையே மாற்றுவது செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டும் காரியம்.

அகலம் கூடினால் பிடி கூடும் என்பது அடுத்தது. தார் ரோட்டில் பேச வேண்டிய பேச்சு அது. உலகெங்கும் முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிகளின் வழக்கமான முன் டயர் 80/100-21: அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் நூறு சதவீதம், ரிம் 21 அங்குலம். அது உட்காரும் ரிம்மின் அகலம் 1.60 அங்குலம்தான். எண்டியூரோ பந்தயத்தில் 90/90-21. அகலத்தில் வெற்றி இருந்தால் பந்தயக்காரர்கள் எப்போதோ மாறியிருப்பார்கள்.

நம் நாட்டுக் கம்பெனிகள் செய்ததையே பாருங்கள். 2011-இல் ஹீரோ இம்பல்ஸுக்கு முன்னால் 19 அங்குலம். 2019-இல் வந்த எக்ஸ்பல்ஸுக்கு 21. அதே இன்ஜினை 17 அங்குலச் சக்கரத்தோடு 200டி என்று தார் ரோட்டுக்காகத் தனியாக விற்றார்கள். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016-இலிருந்து 90/90-21-இல் ஓடுகிறது. 2022-இல் அதிலிருந்தே நகரத்துக்கென்று ஸ்கிராம் 411 செய்தபோதுதான் 100/90-19 போட்டார்கள். கூடவே முன் ஃபோர்க்கின் அசைவை 200 மில்லிமீட்டரிலிருந்து 190-க்கும், தரை இடைவெளியை 220-இலிருந்து 200-க்கும் இறக்கினார்கள். கேடிஎம் 390 அட்வெஞ்சரும் 2020-இல் 19 அங்குலத்தோடு வந்து 2025-இல் 21-க்கு ஏறிவிட்டது. வண்டியை வடிவமைப்பவர்கள் மண்ணுக்கு எதைப் போடுகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"மணலில் தடி டயர்தான் புதையாது" என்கிறார்களே, அதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. என் அக்கா மகன் இதை நம்பி ஹிமாலயனில் 21-ஐக் கழற்றிவிட்டு 110/80-19 மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் கடற்கரையில், படகுகளைத் தாண்டிய மணலில், அவனும் 21 அங்குலச் சக்கரத்தையே வைத்திருந்த அவன் சிநேகிதனும் ஓட்டினார்கள். அரை மணி நேரத்தில் இவன் கீழே விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு. "மாமா, ஹேண்டில் என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்றான். நான் தடங்களைப் போய்ப் பார்த்தேன். சிநேகிதனின் தடம் கத்தியால் கீறியது போல ஒரே கோடாகத் திரும்பியிருந்தது. இவனுடையதில் விளிம்பெல்லாம் சரிந்திருந்தது. திரும்ப முயன்ற இடத்தில் டயர் தனக்கு முன்னால் கணுக்கால் உயரத்துக்கு மணலைக் குவித்து, அதன் மேலேயே வழுக்கிப் போயிருந்தது.

முன் சக்கரத்தின் வேலை மிதப்பதல்ல, திருப்புவது. திரும்ப வேண்டுமானால் மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கி, பக்கவாட்டில் அதை எதிர்த்து நிற்க வேண்டும். ஒல்லியான உயரமான டயர் அறுத்துக்கொண்டு போகும். தடித்தது மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். இதற்கு வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் வேண்டாம். பாகூர் வயலில் உழுகிற சாதாரண டிராக்டரைப் பாருங்கள். உந்தித் தள்ளுகிற பின் சக்கரம் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். திருப்புகிற முன் டயர் ஒல்லியாக, நடுவில் வரம்பு போலப் பட்டை ஓடி, சேற்றை அறுக்கும்படி இருக்கும்.  பாகூர் விவசாயிக்குத் தெரிந்தது கடலூர் சாலை டயர் கடைக்குத் தெரியவில்லை.

சின்னச் சக்கரத்தில் ஹேண்டில் லேசாகத் திரும்புமாம். திரும்பும், அதுதான் ஆபத்து. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் குட்டிச் சக்கரம் தள்ளுகிற திசைக்குத் தானாகத் திரும்பி நேராவதைப் பார்த்திருப்பீர்கள். தரையைத் தொடும் இடம் திருகு அச்சுக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். பைக்கில் அந்தத் தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். கல்லில் மோதினாலும் ஹேண்டிலை நேராக்குவது அதுதான். கணக்குப்படி 90/90-21-இன் விட்டம் 695 மில்லிமீட்டர், 110/80-19-இன் விட்டம் 659. அச்சு 18 மில்லிமீட்டர் இறங்குகிறது. ஃபோர்க் 26 டிகிரி சாய்ந்த வண்டியில் இதனாலேயே டிரெயிலில் 9 மில்லிமீட்டர் போய்விடும். முன்பக்கம் தாழ்ந்து ஃபோர்க் செங்குத்தாவதால் இன்னும் குறையும். சக்கரத்தை மாற்றினால் ஃபோர்க்கின் உயரத்தையும் பின் சஸ்பென்ஷனையும் சேர்த்துத் திருத்த வேண்டும். என் அக்கா மகனின் வண்டியில் சக்கரத்தை மாட்டியவர் ஃபோர்க்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அவனுடைய பழைய ஸ்போக் சக்கரம் மறுபடி வண்டியில் ஏறிவிட்டது. உங்கள் வண்டி மணலில் திணறினால் டயரை மாற்றாதீர்கள், காற்றை இறக்குங்கள். முன் டயரில் 25 பிஎஸ்ஐ இருந்தால் 18-க்குக் கொண்டுவந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் மறக்காமல் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள்.