‘நெட் இல்லை’ எண்டால் பொய்யா?

ஒன்லைன் வகுப்பில் திடீரென்று காணாமல் போகிற ஆளைப் பற்றி எங்களிடம் இரண்டு தீர்ப்புகள்தான் இருக்கின்றன. ஒன்று, “பாவம், நெட் இல்லையாம்.” மற்றது, “சும்மா நடிக்கிறாள்.” ஒன்றில் இரக்கம், மற்றதில் சந்தேகம். இரண்டிலும் விசாரணை இல்லை.

போன செமஸ்டரில் நாங்கள் எழுதியது இரண்டாவது தீர்ப்பு. நாலு பேர் சேர்ந்து செய்த பிரசன்டேஷன். எங்களில் ஒருத்தியின் முறை வந்ததும் சூமில் அவளுடைய முகம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே போனாள், வந்தாள், திரும்பப் போனாள். மூன்றாம் தரம் வரவேயில்லை. “வீட்டில வைஃபை இருக்கு, லப்டொப் இருக்கு, பிறகென்ன?” என்று வட்ஸ்அப் குழுவில் கேட்டோம். அவள் பதில் போடவில்லை.

அடுத்த ஞாயிறு அவளுடைய வீட்டுக்குப் போனோம். அங்கே ஏற்கனவே ‘எல்லாம்’ செய்து பார்த்திருந்தார்கள். எல்லாம் என்றால், ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது. கம்பனிக்கு அடித்தாலும் அதைத்தான் சொல்கிறார்களாம். “ஒரு நாளைக்கு நாலு தரம் நிப்பாட்டிப் போடுறன் பிள்ளையள், சாமிக்கு விளக்கு வைக்கிற மாதிரி” என்றா அம்மா.

அது பிழையான வைத்தியம் இல்லை. சிக்கிப்போன ரவுட்டர் சில நேரம் அதோடேயே சரிவரும். ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. ‘நெட் இல்லை’ என்ற ஒரே வசனத்துக்குள் மூன்று இடங்கள் ஒளிந்திருக்கின்றன: லப்டொப், லப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிற வீடு, ரவுட்டருக்கு வெளியே இருக்கிற கம்பனியின் வலையமைப்பு. இந்த மூன்றையும் பிரிக்காமல் யாரைத் திட்டினாலும் அது குருட்டுத் திட்டுத்தான்.

பிரிக்கிறது பெரிய வித்தையும் இல்லை. முதலில், லப்டொப்புக்குப் பக்கத்திலேயே அதே வைஃபையில் ஒரு போனை வைத்துப் பார்த்தோம். லப்டொப் அடிக்கடி முழுதாகக் கட்டானது. போன் ஒரு கோட்டுச் சிக்னலோடு என்றாலும் தொடர்பில் நின்றது. அப்படியென்றால் லப்டொப்பிலும் ஏதோ இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மனேஜருக்குள் போய் வைஃபை அடப்டரைத் திறந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவைக்கலாம் என்று ஒரு சரி அடையாளம் இருந்தது. (சில லப்டொப்களில் இந்தத் தெரிவு காட்டாது.) அதை எடுத்துவிட்டோம். கட்டாகிறது நின்றது. ஆனால் வீடியோ இன்னும் திக்கித் திக்கித்தான் ஓடியது.

பிறகு கொமாண்ட் திரையில் ரவுட்டரின் முகவரிக்கு ‘பிங்’ அடித்தோம். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.8.1, அடியில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும். படிக்கிற மேசையில் இருந்து அடித்தால் சில பதில்கள் வந்து சேர நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன், சில வரவேயில்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் போனால் இரண்டு, மூன்று மில்லிசெக்கன். அங்கே நின்று வெளியே 8.8.8.8க்கு அடித்தாலும் ஒழுங்காகப் பதில் வந்தது. மாதக்கணக்காகத் திட்டு வாங்கிய கம்பனிமேல் அன்றைக்குக் குற்றம் இல்லை. குற்றம் வீட்டுக்குள்.

ரவுட்டர் இருந்தது ஹோலில், ஷோகேசில், டிவிக்குப் பின்னால். அவள் படிப்பது குசினிக்குப் பக்கத்து அறையில். இடையில் மூன்று சுவர், ஒரு இரும்பு அலுமாரி. அதுக்குமேல் அவளுடைய லப்டொப் 5 கிகாஹேர்ட்ஸில் இணைந்திருந்தது. அது வேகமானது, ஆனால் சுவர் தாண்டுகிறதில் நோஞ்சான். 2.4 கிகாஹேர்ட்ஸ் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளோடும் இடிபடும், ஆனால் சுவருக்கு அவ்வளவு பயப்படாது. அதுக்கு மாற்றினதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மிச்சப் பாதிக்கு ரவுட்டரை நகர்த்த வேண்டும். அது சிம் போடுகிற ரவுட்டர், ஒரு பிளக் இருந்தால் போதும். நகர்த்துவோமா என்று கேட்டதும் வீடு அமைதியாகிவிட்டது. “ஹோலில டிவிக்கு வேணுமே” என்றார் அண்ணா. எங்களுக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். ரவுட்டரை அங்கே வை என்று யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை. பிளக் அங்கே இருந்தது, டிவி அங்கே இருந்தது, வைத்தாச்சு. ஆனால் அந்த வீட்டில் நெட்டை நம்பி பரீட்சை எழுதுகிறவள் யார் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. குசினிக்குப் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்ட குரலுக்கு வருவாள் என்பதுக்காகப் போட்ட மேசை, ரவுட்டரில் இருந்து ஆகத் தூரத்து மேசையாகவும் அமைந்துவிட்டது. லப்டொப்பில் கை வைக்கவும் “அண்ணா வரட்டும்” என்று அவளை நிற்பாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீடுகளிலும் போய்ப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை.

எல்லாப் பிரச்சினையும் வீட்டுக்குள் தீராது என்பதும் தெரியும். 2021இல் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் படிப்புக்குச் சிக்னல் தேடிக் காட்டுக்குள்ளால் நடந்து பாறை ஏறினார்கள். அவர்களிடம் போய் ரவுட்டரை நகர்த்து என்று சொல்ல ஏலாது. ரவுட்டர் வரைக்கும் பிங் சுத்தமாகவும் அதற்கு வெளியே விட்டுவிட்டும் வந்தால், அது கம்பனியிடம் கேட்க வேண்டிய கேள்வி. நேரத்தோடு குறித்துவைத்துக் கேட்டால், “ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ” என்பதோடு முடிக்கிறது அவர்களுக்கும் கஷ்டம். விரிவுரையாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: கட்டானவளுக்குப் புள்ளியை வெட்ட முதல், பதிவுசெய்து அனுப்ப ஒரு வழி விடுங்கள்.

“ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்பவர்களுக்கு: ஒரு கதையைக் கேட்டதும் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், எங்கிருந்து வந்தது என்று பார் என்றுதானே எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அதை எங்கள் தோழியின் விசயத்தில் செய்ய மறந்துவிட்டோம்.

ரவுட்டர் இப்போது ஹோலுக்கும் உள் அறைகளுக்கும் நடுவில், கதவு நிலைக்கு மேல் ஒரு பலகையில் இருக்கிறது. கோபுரச் சிக்னல் அங்கேயும் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆணி அடித்தோம். டிவியும் ஓடுகிறது. அவளிடம் மன்னிப்பும் கேட்டோம். இனி யாராவது சூமில் காணாமல் போனால், குழுவில் நாங்கள் போடுகிற முதல் கேள்வி “ஏன் வரேல்லை?” இல்லை. “எந்த இடத்தில கட்டாகுது, வந்து பார்ப்பமா?”