முகத்திற்கும் விலையோ?

1973இல் நியூயார்க்கில் தோன்றிய 'கிஸ்' என்னும் ஹெவி மெட்டல் குழுவினர், முகத்தில் சாயம் பூசி, மேடையில் நெருப்புக் கக்கி, உதிரம் உமிழ்ந்து உலகை மயக்கினர். வெறுங்கூச்சல் என்று அதனை இகழ்வாரோடு நமக்கு உடன்பாடில்லை. நாம் கண்டிப்பது வேறு.

ஏஸ் பிரேலி விண்வெளி மனிதராகவும், பீட்டர் கிரிஸ் பூனையாகவும் பூண்ட வேடங்கள் அவரவர் கற்பனையிற் பிறந்தவை. குழுவின் பெயரெழுத்தை வரைந்தவரும் பிரேலியே. இவ்விருவரும் 2000க்குப்பின் விலகவே, சிம்மன்ஸும் ஸ்டான்லியும் அவ்வேடங்களையே டாமி தேயருக்கும் எரிக் சிங்கருக்கும் பூட்டினர். புதியவர் வாசிப்பதை யார் தடுத்தார்? புதுமுகத்தோடு வாசித்திருக்கலாகாதா? 1980இல் கிரிஸுக்குப் பதிலாக வந்த எரிக் கார் நரிவேடம் புனைந்தாரன்றோ! இரசிகர்கள் பழைய முகத்தையே விரும்பினர் என்பர். அது வியாபாரியின் விடை, கலைஞனின் விடையன்று. சட்டப்படி உரிமை எமதே என்றும் வாதிப்பர். சட்டம் அவர் பக்கமே இருக்கட்டும். நாம் கேட்பது நீதி.

2023 டிசம்பர் 2இல், நியூயார்க்கில் இறுதிக் கச்சேரி முடிந்ததும், கணினி படைத்த பொய்யுருவங்கள் திரையில் ஆடின. 2024இல் பெயரும் பாட்டும் உருவமும் சுவீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றிற்கு விற்கப்பட்டன. 2025 அக்டோபரில் பிரேலி காலமானார். அவர் தீட்டிய முகம் இப்போது யாருடையது? விற்றவர் விடை கூறட்டும்.