ஒற்றைக் கைத் தாளம்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவிலே தவிற்காரரின் கைகளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? ஒரு கையிலே கழி. மறு கை விரல்களிலே கூடு. இரண்டும் சேர்ந்தாலன்றி நடை பிறவாது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

இலண்டனிலிருந்து வந்து என்னுடன் அத்திருவிழாவைக் கண்ட பேரன், “அம்மம்மா, ஒரு கையாலை மேளம் அடிக்கிற இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் இருக்கிறார், தெரியுமோ?” என்றான். நான் நம்பவில்லை. அவன் கூறிய வரலாறு இது.

உருக்குத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெபீல்ட் நகரிலே, 1977ஆம் ஆண்டில், இளைஞர் சிலர் ‘டெப் லெப்பட்’ என்னும் றொக் இசைக்குழுவைத் தொடங்கினர். மறு ஆண்டு மேளம் வாசிக்க வந்த றிக் அலனுக்கு வயது பதினைந்து. 1983இல் வெளிவந்த ‘பைரோமேனியா’ இசைத்தட்டு அமெரிக்காவிலே பெரும் புகழ் ஈட்டியது.

1984 டிசம்பர் 31ஆம் திகதி நிகழ்ந்த கார் விபத்திலே றிக் அலனின் இடக்கை துண்டாயிற்று. வைத்தியர்கள் அதனைப் பொருத்தினார்கள். கிருமி தொற்றவே மறுபடியும் அகற்ற நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

புதிய இசைத்தட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. வேறொருவரை அமர்த்தியிருந்தால் எவரும் குறை கூறியிரார். தோழர்களோ, முடிவை அவரிடமே விட்டுக் காத்திருந்தார்கள். இடக்கை செய்த வேலையை அவர் இடக்காலுக்குப் பழக்கினார். மின்னணு மேளத்திலே மிதிகள் அமைத்துக்கொண்டார். 1986 ஆகஸ்டில், டொனிங்டன் பெருவிழாவிலே ஒற்றைக் கையுடன் வாசித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஹிஸ்டீரியா’ இரண்டு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

காத்திருந்தோர்க்கு எல்லாம் கைகூடிவிடவில்லை. கிற்றார்க் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் குடியால் நலிந்தபோது, அவருக்கும் ஓய்வளித்துக் காத்திருந்தார்கள். அவர் மீளவில்லை, 1991 ஜனவரியில், முப்பது வயதிலே மறைந்தார். குழு கலையவில்லை. 2019இல் அமெரிக்க றொக் இசையின் புகழ்மன்றத்தில் அதற்கு இடம் கிடைத்தபோது, றிக் அலன் தம் தோழர்களுடன் மேடையில் நின்றார்.

அந்த இசை என் செவிக்குப் பேரிரைச்சல்தான். ஆயினும் அந்த வரலாறு நெஞ்சைவிட்டு அகலவில்லை. போரிலே கையையோ காலையோ இழந்தவர்கள் நம் தீவுகளிலும் உள்ளார்கள். “பாவம், அவராலே என்ன இயலும்?” என்று நாமே முடிவுகட்டி, அவர் செய்துவந்த வேலையைப் பிறரிடம் கொடுத்துவிடுகிறோம். இரக்கம் என்று நாம் எண்ணுவது அவருக்கு இன்னோர் இழப்பாகின்றது.

முதலில் அவரையே கேட்போம். அதுவரை அவருடைய இடம் அவருக்காக இருக்கட்டும்.