லெப்டொப்புக்குள்ள பேய் இல்லை

2021. சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறி சூம் வகுப்புக் கேட்ட காலம். ஹாலி-எலப் பக்கத் தோட்டம் ஒன்றில் எங்கள் தம்பி ஒருத்தனின் லெப்டொப் மெதுவாகிப்போனது. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தட்டினார். நெட்வொர்க் அடாப்டர்களுக்குக் கீழே நாங்கள் ஒருநாளும் பார்க்காத பெயர்கள் வரிசையாக வந்தன.

"பாருங்க தம்பி, யாரோ உள்ளுக்கு வந்திருக்கான். போர்மட் பண்ணத்தான் வேணும்."

3000 ரூபா. நாட்சம்பளம் 1000 ஆனதே அந்த வருடம்தான். அவன் அம்மாவுக்கு அது மூன்று நாள் கொழுந்து.

வீட்டுக்கு வந்து அதே பட்டியலைத் திறந்தோம். அதே பெயர்கள்! மங்கலாகத் தெரிந்த இரண்டு மட்டும் காணோம்.

அப்புறம்தான் தேடிப் படித்தோம். 'வான் மினிபோர்ட்' என்று வரிசையாக இருப்பவை வீபீஎன், டயல்-அப் இணைப்புகளுக்காக விண்டோஸ் தானே வைத்திருக்கும் மென்பொருள் அடாப்டர்கள். 'வைஃபை டைரக்ட் வேர்ச்சுவல் அடாப்டர்' லெப்டொப்பை ஹொட்ஸ்பொட் ஆக்கும்போது வேலைக்கு வரும். 'கேர்னல் டிபக்' பொறியியலாளர்கள் பிழை தேடுவதற்கு. கையால் தொடக்கூடிய கருவிகள் இல்லை என்பதால்தான் அவற்றில் பலதை விண்டோஸ் மறைத்து வைக்கிறது. மங்கலாக இருந்தவை? ஒன்று மாமா மகனின் பழைய டொங்கிள். மற்றது கேபிள் போட்டு டேட்டா எடுத்த அக்காவின் போன். ஒருமுறை குத்தினாலே ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, எல்லாமே அப்பாவியா? இல்லை. நாம் போடாத வீபீஎன் பெயர் ஒன்று தெரிந்தால் விசாரிக்க வேணும். புரொப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதியில் யார் தயாரித்தது, யார் கையொப்பமிட்டது என்று பார்க்கலாம். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. "ஆர்ட்ஸ் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று எங்களிடமே கேட்கிறார்கள். பழைய பனையோலையைப் படிக்க முயல்கிற எங்களுக்கு இந்தப் பத்து வரியைப் படிக்க ஏலாதா? தெரியாத பெயரைக் காட்டிப் பயமுறுத்திக் காசு வாங்குவதற்கு எங்கள் ஊரில் முன்னாடியே ஆட்கள் இருக்கிறார்கள். எலுமிச்சங்காயோடு வருவார்கள். இவர் மவுஸோடு வந்தார்.

இதில் கொடுமை, கடையில் போட்டது திருட்டு விண்டோஸ். அதை கிராக் பண்ணுவதற்காக வைரஸ் காவலை நிறுத்தியவர் திரும்பப் போடவே இல்லை. உண்மையான கதவை அவரேதான் திறந்து வைத்திருந்தார்.

தம்பியின் லெப்டொப் இப்பவும் மெதுவாத்தான் ஓடுது. ரேம் 2 ஜிபி.