பாத்திரம் வேறு, பதார்த்தம் வேறு!

தூக்குவாளியில் சாம்பாரும் வரும், பாயசமும் வரும். கல்யாண வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி வந்து இறங்கினால், மூடியைத் திறந்து பார்க்காமல் "ஆகா, சாம்பார்!" என்று யாரும் சோற்றில் ஊற்றிக்கொள்வதில்லை. ஆனால் பாருங்கள், இந்தச் சாதாரண விவேகம் பாட்டுகளைப் பட்டியல் போட உட்காரும்போது மட்டும் எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. அங்கே பாத்திரத்தின் பெயர்தான் பதார்த்தத்தின் பெயர்!

ஒரு சின்ன சோதனை. பழைய தமிழ்ப் படம் ஒன்றின் 7 அங்குல இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு என்று மொத்தம் நான்கு பாட்டு. பழைய தட்டு விற்கும் கடைக்காரரிடம் இது என்ன என்று கேட்டால் "ஈபி" என்பார். சரியான பதில். அதே தட்டை ஓர் ஆர்வலர் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார். 'வெளியீட்டின் வகை' என்ற கட்டத்தில் 'ஈபி' என்று போடுகிறார். தவறான பதில்!

அதெப்படி, ஒரே தட்டு, ஒரே சொல், ஒன்று சரி, ஒன்று தவறா? ஆமாம். கடைக்காரர் சொன்னது பொருளின் பெயர்: இத்தனை அங்குலம், இத்தனை சுற்று, இத்தனை நிமிடம். கட்டம் கேட்டது வேறு: இதற்குள் இருக்கும் வெளியீடு என்ன ஜாதி? அதற்கு விடை, 'திரைப்படப் பாடல்கள், அவற்றில் ஒரு பகுதி'. படத்தில் எட்டுப் பாட்டு இருந்து, மீதி நான்கும் இன்னொரு தட்டில் வந்திருந்தால், தரவுத்தளத்தில் அந்தப் படத்துக்கு இப்போது இரண்டு 'குட்டி ஆல்பம்'. இரண்டாவது தட்டு யார் கையிலும் சிக்காவிட்டால்? படத்துக்கே நான்கு பாட்டுதான் என்று நாளை ஒருவர் கட்டுரை எழுதுவார். ஆதாரம் கேட்டால் அந்தப் பட்டியலையே காட்டுவார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 'ஆல்பம்' என்பதே முதலில் ஒரு பொருளின் பெயர்தான். 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். நீளமான இசை என்றால் நான்கைந்து தட்டு வேண்டும். அவற்றை உறைகளில் செருகி, போட்டோ ஆல்பம் மாதிரி கட்டி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பியைக் கொண்டுவந்தபோது அந்தக் கட்டு மொத்தமும் ஒரே தட்டுக்குள் அடங்கிவிட்டது. கட்டு போனது, பெயர் தங்கியது. அடுத்த வருடம் ஆர்சிஏ விக்டர் 7 அங்குல, 45 சுற்றுத் தட்டை விட்டது. பக்கத்துக்கு ஒரு பாட்டு; 'சிங்கிள்' என்றதும் மேல்நாட்டு ரசிகர்களின் மனதில் வந்து நின்றது அந்தத் தட்டுதான். 1952இல் அதே அளவுத் தட்டில் இன்னும் கொஞ்சம் அதிக நேரத்தை அடைத்து ஈபி வந்தது. ஆக, மூன்று சொல்லும் பாத்திரக் கடையில் வளர்ந்தவை. பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, கடைசியில் பாத்திரமே இல்லாத கோப்பு வந்தது. சொற்கள் மட்டும் வேஷம் மாற்றிக்கொண்டு பதார்த்தங்களின் பெயராக உட்கார்ந்துவிட்டன.

மேல்நாட்டிலேயே இது எவ்வளவு சிக்கல் என்பதற்கு பீட்டில்ஸ் ஒருவர் போதும். 1967இல் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' பிரிட்டனில் இரண்டு 7 அங்குல ஈபிகளாக, ஆறு பாட்டுடன் வந்தது. அமெரிக்காவில் அதே பெயரில் 11 பாட்டுடன் எல்பியாக வந்தது. 1987இல் சிடி போட்டபோது அமெரிக்கப் பட்டியலையே எடுத்துக்கொண்டார்கள். சரி, அது ஈபியா ஆல்பமா? 'எந்த நாட்டுத் தட்டு, எந்த வருடம்?' என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது. அளவை மட்டும் நம்பினாலும் கதை இதேதான். 12 அங்குலத் தட்டு என்றாலே ஆல்பம் என்பவர்கள், நியூ ஆர்டர் குழு 1983இல் 'ப்ளூ மண்டே' என்ற சிங்கிளை அதே 12 அங்குலத்தில் விட்டதை என்ன செய்வார்கள்?

தரவுத்தளங்கள் இதை எப்படிச் சமாளித்தன? பழைய ஃப்ரீடிபியை எடுத்துக்கொள்வோம். கணினியில் சிடியைப் போட்டால், பாட்டுகள் தொடங்கும் இடங்களையும் மொத்த நீளத்தையும் கணக்குப் போட்டு ஓர் எண் தயாரித்து, அதை வைத்துப் பாட்டின் பெயர்களைத் தேடித்தரும். அதில் மொத்தமே 11 வகை: ப்ளூஸ், ஜாஸ், ராக், ரெகே, இத்யாதி. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வெவ்வேறு சிடிக்கு ஒரே எண் வந்துவிட்டால், ஏற்கெனவே ஆள் இருக்கும் வகையை விட்டுவிட்டு, காலியாக இருக்கும் வேறு வகையில் ஏற்றவேண்டியதுதான்! வகைப்பாடு என்பது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதையாகிப்போனது. 2020இல் அதை மூடிவிட்டார்கள். துண்டு போடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ், மின்னணு நடன இசைத் தட்டுகளைப் பட்டியலிடப் பிறந்தது. அங்கே தட்டுதான் ராஜா. அளவு, சுற்று, ஸ்டீரியோவா மோனோவா, மறுபதிப்பா என்று எல்லாம் இருக்கும். ஆனால் 'எல்பி', 'ஆல்பம்', 'தொகுப்பு', 'மறுபதிப்பு' எல்லாம் ஒரே வரியில் கைகோத்து நிற்கும். சேகரிப்பாளருக்கு அது போதும். அவர் வாங்கப்போவது தட்டை. மியூசிக்பிரெய்ன்ஸ் இன்னும் யோசித்துச் செய்தது. 2011இல் வந்த புதிய கட்டமைப்பில், கையில் இருக்கும் பதிப்பு ஒரு மட்டம், எல்லாப் பதிப்புக்கும் பொதுவான வெளியீடு அதற்கு மேல் ஒரு மட்டம். தட்டா, கேசட்டா என்பது கீழே. ஆல்பமா, சிங்கிளா என்பது மேலே. பாத்திரத்தையும் பதார்த்தத்தையும் பிரித்துவிட்டார்கள். சபாஷ்!

ஆனால் அங்கேயும் ஒரு நெருடல் இருக்கிறது. முதன்மை வகைகள் ஆல்பம், சிங்கிள், ஈபி, ஒலிபரப்பு, மற்றவை. 'திரைப்பட இசை' என்பது இரண்டாம்பட்ச வகை. ஆல்பத்தின் தோளில் ஒட்டும் ஒரு சீட்டு. கலைஞர் ஆல்பம் போடுவார், அவற்றில் எப்போதாவது ஒன்று படத்துக்காக இருக்கும் என்ற மேல்நாட்டு நடைமுறைக்கு அது பொருந்தும். தமிழில் நிலைமை தலைகீழ். திரைப்பாட்டுதான் ஆறு, மற்றவை வாய்க்கால். இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்று படத்தோடு சம்பந்தமில்லாத ஓர் இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தது செய்தியானதே அதனால்தான். பத்துப் படத்துக்கு இசையமைப்பது இங்கே செய்தி அல்ல!

தமிழ்த் தட்டுகளோ இந்தக் கட்டங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. எல்பியின் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். கேசட்டிலும் இதே ஏற்பாடுதான். பொருள் ஒன்று, படங்கள் இரண்டு. இதை என்ன ஆல்பம் என்பது, எந்தப் படத்தின் கணக்கில் எழுதுவது? அடுத்து, கதை வசனம். 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்றக் காட்சி வசனம் கேசட்டாக டீக்கடை டீக்கடையாக ஓடியது. 'திருவிளையாடல்' வசனம் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் பாட்டுக்குச் சமமாக ஒலித்தது. அது இசையா, நாடகமா, பேச்சா? 'மற்றவை'யில் தள்ளிவிடுவது எளிது. ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்த ஒன்று 'மற்றவை'யா?

பொருளைப் பதிவுசெய்யாமல் விட்டாலும் நஷ்டம் குறைவில்லை. 78 சுற்றுத் தட்டில் நீளமான பாட்டு ஒன்று ஒரு பக்கத்தில் முதல் பாகமாகவும் மறுபக்கத்தில் இரண்டாம் பாகமாகவும் வரும். தட்டின் விவரம் இல்லாத பட்டியலில் அது இரண்டு பாட்டு. நடுவில் ஏன் பாட்டு அறுபடுகிறது என்று தலையைச் சொறிபவருக்கு, 'அங்கே தட்டைத் திருப்பவேண்டும்' என்று சொல்ல ஆளில்லை. மேல்நாட்டில் வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் வந்தன. பீட்டில்ஸ் பாட்டுகளே 1960களில் இங்கே அந்தத் தட்டில் வெளிவந்தன. சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். '78 சுற்று' என்ற ஒரே ஒரு கட்டத்துக்குள் மின்கம்பம் எட்டாத ஊர்களின் கதையும் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பாட்டுப் பெயர்.

இன்றைய இணையப் பாட்டுக் கடைகளின் கணக்கு இன்னும் ஜோர். பொதுவாக, மூன்று பாட்டு வரை சிங்கிள்; நான்கு முதல் ஆறு வரை, 30 நிமிடத்துக்குள் அடங்கினால் ஈபி; அதற்கு மேல் ஆல்பம். ஐந்து பாட்டு, 22 நிமிடம் என்று ஒரு தமிழ்ப் படம் இருந்தால் அது 'ஈபி'! படத்தின் எல்லாப் பாட்டும் அதில் இருந்தாலும் சரி. தறிநெய்தவர் யார், பட்டா பருத்தியா என்று பார்க்காமல் எடை போட்டுப் புடவைக்குப் பெயர் வைப்பது மாதிரி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் விஷ்ணு சஹஸ்ரநாமத்தையும் பஜகோவிந்தத்தையும் தாங்கிய எல்பியை எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் அது சிங்கிள். நல்லவேளை, சஹஸ்ரநாமம் நீளமாக இருந்து காப்பாற்றியது.

இதைவிடக் கொடுமை வருடம். 1960களின் பாட்டை நிறுவனம் இணையத்தில் ஏற்றிய வருடமே வெளியான வருடமாகக் காட்சியளிப்பது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி. அந்தக் கோப்பு அந்த வருடம் வந்தது உண்மைதான். அந்தப் பாட்டு? பதிப்புக்கு ஒரு தேதி, வெளியீட்டுக்கு ஒரு தேதி என்று இரண்டு கட்டம் வைத்திருந்தால் இந்தப் பொய் பிறந்தே இருக்காது.

"எல்லாம் பாட்டுதானே, கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே, எதற்கு இந்த ஆராய்ச்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கேட்டுவிட்டுப் போகலாம். கேட்பவரைக் கட்டம் நிரப்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பட்டியல் போடுகிறவர் கேட்பவர் மட்டும் அல்ல, சாட்சி. அவர் அடிக்கும் ஒரு வார்த்தையை நாலு தளங்கள் நகலெடுக்கும், நாற்பது கட்டுரைகள் மேற்கோள் காட்டும். ஷெல்லாக் தட்டு கீழே விழுந்தால் உடையும். கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பொருள் போன பிறகு பட்டியல்தான் மிஞ்சும். சாட்சி அலட்சியமாக இருந்தால் வழக்கு என்ன ஆகும் என்று 'விதி' வசனம் கேட்டவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"இத்தனை கட்டம் வைத்தால் ஆர்வலர்கள் ஓடிவிடுவார்கள்" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஐம்பது கட்டம் யாரும் கேட்கவில்லை. கையில் இருப்பது என்ன: தட்டா, கேசட்டா, சிடியா, கோப்பா, எத்தனை? உள்ளே இருப்பது என்ன: படப் பாடல்களா, கதை வசனமா, கச்சேரியா, தனித்தொகுப்பா, பல படங்களின் கதம்பமா? முழுவதுமா, பகுதியா? இந்தப் பதிப்பு வந்தது எப்போது, முதலில் வெளியானது எப்போது? அவ்வளவுதான். கைவிரல்களுக்குள் அடங்கும் கேள்விகள். கூடவே எல்லாக் கட்டத்திலும் ஒரு விடை கட்டாயம் இருக்கவேண்டும்: 'தெரியவில்லை'. காலியாக விடுவது அவமானம் என்று நினைத்து வாய்க்கு வந்ததை அடிப்பதால்தான் பாதிப் பிழை. காலிக் கட்டத்தை நாளை தெரிந்தவர் ஒருவர் வந்து நிரப்புவார். தப்பாக நிரப்பிய கட்டத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டோ, அப்பா காலத்துக் கேசட்டோ இருக்கிறதா? அதை ஏற்ற உட்காருகிறவர் ஒரு நிமிடம் உறையைத் திருப்பிப் பார்க்கட்டும். பாத்திரத்தின் பெயரை ஒரு கட்டத்தில் எழுதட்டும். பிறகு மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பதார்த்தத்தின் பெயரை இன்னொரு கட்டத்தில் எழுதட்டும். பாயசத்தைச் சோற்றில் ஊற்றிவிட்டுப் பிறகு உப்பில்லை என்று புலம்புவதைவிட அது எளிது.